தேய்ந்த அரிவாளும் செம்பனை ஈர்க்கும்

'கழிவுப் பொருளில் கைவினை' என்று ஒரு பள்ளிக் கண்காட்சி. மலாக்காவில் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருக்கும் நண்பர் கூப்பிட்டதால் போனேன். ஐஸ்கிரீம் குச்சியில் வீடு, உறிஞ்சுகுழலில் பூச்சாடி, காகிதத் தட்டில் மயில். குச்சிகள் எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு, ஐஸ்கிரீம் கறை ஒன்றுகூட இல்லை. விசாரித்தால், இரண்டு வெள்ளிக் கடையில் கட்டாக வாங்கியவையாம். குப்பையைக்கூடப் புதிதாக விலைக்கு வாங்கும் காலம் வந்துவிட்டதே என்றேன். நண்பர் சிரிக்கவில்லை. கண்காட்சிக்குப் பொறுப்பாசிரியர் அவர்தான்.

ஓரத்து மேசையில் ஒரு பிரிமணை இருந்தது. ஈர்க்குகளை நாலைந்தாகச் சேர்த்து, ஒன்றன் மேல் ஒன்று ஏறி இறங்கப் பின்னி, நடுவே குழி விட்டிருந்தார்கள். அடி உருண்ட சட்டி ஆடாமல் உட்காருவதற்கானது. மலாய்க்காரர்கள் இதை லெக்கார் என்பார்கள். இப்போது பெருநாள் சமயத்தில் தட்டுக்கு அடியில் வைக்கவும் சுவரில் மாட்டவும் வாங்குகிறார்கள். அந்த மேசையில் உண்மையிலேயே கழிவில் செய்த பொருள் அது ஒன்றுதான். அதற்குப் பரிசு இல்லை. நடுவர் கேட்டதும் பிள்ளை உண்மையைச் சொல்லிவிட்டது: "பாட்டி பின்னுனாங்க. நான் ஈக்கு எடுத்துக் குடுத்தேன்."

அந்தப் பாட்டியைப் பார்க்கத்தான் அடுத்த சனிக்கிழமை மெர்லிமாவுக்குப் போனேன். மலாக்காவிலிருந்து மூவார் போகும் கடலோரச் சடக்கில், உம்பாய், செர்க்காம் தாண்டினால் வருகிற சிறிய ஊர். உம்பாயிலும் செர்க்காமிலும் சுட்ட மீன் தின்ன வருபவர்கள் உண்டு. மெர்லிமாவில் வண்ண ஓடு பதித்த படிக்கட்டுள்ள பழைய பெங்ஙூலு வீட்டின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. ஊரைச் சுற்றியிருக்கும் செம்பனைக்குள் எட்டிப் பார்க்க யாரும் வருவதில்லை.

பாட்டி இப்போது தோட்டத்தில் இல்லை. வேலை முடிந்தால் லயத்து வீட்டைக் காலி செய்யவேண்டும் என்பது தோட்டத்துச் சட்டம். மகன் தவணையில் வாங்கிய மலிவுவிலை வீட்டின் முன்னால், கார் நிறுத்தும் இடத்தில்தான் அவருடைய பட்டறை. கார் வெளியே வெயிலில் நின்றது. "மோட்டார் காருக்கு ஒண்ணும் ஆவாது தம்பி, ஈக்கு நனைஞ்சா பூஞ்சக்காளான் புடிச்சிடும்" என்றார்.

பதினாலு வயதில் தாயோடு பால்வெட்டுக்குப் போனவர். விடியுமுன் பிரட்டுக்களம், பிறகு நெற்றியில் விளக்கு, தோளில் காண்டாக் கம்பு, இரண்டு பக்கமும் பால் வாளி. ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது அவருக்குத் திருமணமாகியிருந்தது. கணவர் குலை வெட்டப் போனார்; இவர் உதிர்ந்த பழம் பொறுக்கினார், உரம் போட்டார். இதையெல்லாம் கேட்டால் ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுகிறார். அரிவாள்மணையைப் பற்றிக் கேட்டால்தான் பேச்சு நீள்கிறது.

அது நாம் காய் நறுக்கும் அரிவாள்மணை இல்லை. ஒரு முழ நீளத்துக்கு ரப்பர் பலகை. அதில் பிளவு போட்டு, பிளவுக்குள் பிறை போல வளைந்த ஓர் இரும்புத் துண்டைச் செருகி, இரண்டு பக்கமும் ஆப்பு அடித்திருக்கிறது. அந்த இரும்பு, கணவருடைய குலை வெட்டும் அரிவாளின் மிச்சம். செம்பனை சின்னதாக இருக்கும்வரை உளியால் குத்தி வெட்டலாம். மரம் உயர்ந்தபின் நீளக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்து இழுக்கவேண்டும். குலையைத் தாங்கி நிற்கும் மட்டையை முதலில் இறக்கினால்தான் குலைக்கு வழி கிடைக்கும். தினமும் தீட்டித் தீட்டி அரிவாள் தேயும். தேய்ந்ததைத் தூக்கிப்போடப் போனவரிடம் வாங்கி, பலகையில் அடித்துத் தரச் சொன்னாராம். கணவர் இறந்து பல வருடம் ஆகிவிட்டது. பலகை இரண்டு முறை மாறிவிட்டது. இரும்பு அதேதான்.

"மேல இருந்து மட்டைய எறக்குனதும் இதுதான், கீழ உக்காந்து ஈக்க உரிக்கிறதும் இதுதான்" என்றார். இதை ஏதோ தத்துவமாகச் சொல்லவில்லை. கத்தி வாங்கும் காசு மிச்சம் என்ற கணக்காகத்தான் சொன்னார்.

பலகையின் ஓரத்தைக் காலால் மிதித்துக்கொள்கிறார். ஓலையை அடிப்பக்கம் பிடித்து, நடுநரம்பு கூர்முனையில் உரசும்படி வைத்து, ஒரே இழுப்பு. ஒரு பக்கத்துப் பச்சை உரிந்து சுருண்டு விழுகிறது. திருப்பி மறு இழுப்பு. கையில் நிற்பது ஈர்க்கு. நான் எண்ணுவதற்குள் ஏழெட்டு முடிந்துவிட்டது. எனக்கும் ஒன்று கொடுத்தார். முதல் இழுப்பில் நரம்பே அறுந்தது. இரண்டாவதில் பாதி வரை வந்து நின்றது. மூன்றாவதில் என் விரல். "விடுங்க தம்பி, நீங்க எழுதுறவரு" என்று ஈரத்துணியை நீட்டினார்.

தென்னை ஈர்க்கு தடிப்பு, விறைப்பு. மண்ணைக் கீறிக்கொண்டு பெருக்கும். செம்பனை ஈர்க்கு மெலிசு, வளையும். சிமெண்டுத் தரைக்கும் கோயில் பிராகாரத்துக்கும் இதுதான் வாகு என்கிறார். தென்னையைப் பற்றிப் பேசும்போது எனக்கொன்று நினைவு வந்தது. இந்த நாட்டில் செம்பனையை முதன்முதலில் வணிகப் பயிராக நட்டது 1917இல், சிலாங்கூரில். நட்டவர் ஹென்றி ஃபோக்கோன்னியே என்ற பிரெஞ்சுக்காரர். பின்னாளில் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசு வாங்கியவர். அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம். நம் ஆட்கள் வாயில் வழங்கிய சொல்லே பெயராக நின்றுவிட்டது. பாட்டியிடம் சொன்னேன். "தென்னமரத்துல செம்பனையா?" என்று கொஞ்சநேரம் சிரித்தார். அவர் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

காயவைப்பதில் பல நுணுக்கம் இருக்கிறது: எந்த வெயிலில் விரிப்பது, எப்போது புரட்டுவது, மழைக்கால ஈர்க்கை ஏன் நம்பக்கூடாது. அரைமணி நேரம் சொன்னார். பாதிதான் புரிந்தது. கட்டுவது நன்றாகப் புரிந்தது. இரண்டு பக்கமும் வெட்டிய கெட்டிப்பால் டின் ஒன்று வைத்திருக்கிறார். ஈர்க்குகளின் அடியைத் தட்டிச் சமன் செய்து அதற்குள் திணிக்கிறார். இனி ஒன்று போகாது என்ற நிலை வந்தால் ஒரு விளக்கமாற்றுக்கு அளவு சரி. ஒருகாலத்தில் காப்பிக் கடைகளில் இதே டின்னில் கயிறு கோத்துத்தான் காப்பி கட்டிக் கொடுத்தார்கள். டின்னை உருவிவிட்டு, மோட்டார்சைக்கிள் கடையில் தூக்கிப்போடும் பழைய டியூப்பைப் பட்டையாக வெட்டி, இழுத்து இழுத்துச் சுற்றுகிறார். கடைசியில் கட்டின் நடுவே கூர் சீவிய கம்பை வைத்துக் கல்லால் அடிக்கிறார். கம்பு இறங்க இறங்க ஈர்க்கு வெளியே நெருக்கும், டியூப் உள்ளே நெருக்கும். ஆணி, பசை, கம்பி எதுவும் கிடையாது. கண்காட்சியில் பசைத் துப்பாக்கியால் விரலைச் சுட்டுக்கொண்ட பிள்ளைகளைக் கூட்டிவந்து இதைக் காட்டியிருக்கலாம்.

சரி, மட்டை எங்கிருந்து வருகிறது? தோட்டத்திலிருந்துதான். ஒரு செம்பனை வருடத்துக்கு இருபதுக்கு மேல் மட்டை விடும். ஒவ்வொரு மட்டையிலும் 250க்கு மேல் ஓலை. வெட்டிய மட்டைகளை வரிசைகளுக்கு நடுவே அடுக்கி மக்கவிடுவார்கள். அது மண்ணுக்கு உரம், ஈரத்தையும் காக்கும். தோட்ட நிர்வாகம் அதைக் குப்பையாகக் கருதவில்லை என்பது நியாயம்தான். ஆகவே மட்டை எடுத்தால் கேள்வி வரும். நாற்பது வருடம் நடந்த காட்டுக்குள் இப்போது வெளியாளாகப் போய் நிற்கிறார். குலை வெட்டுபவர்கள் இன்று வங்காளதேசத்துப் பையன்கள், இந்தோனேசியர்கள். அவர்களில் ஒருவன் நீள ஓலையுள்ள மட்டைகளைத் தனியே ஒதுக்கிவைத்து, மோட்டாரில் ஏற்றிக்கொண்டுவந்து போடுகிறான். 'அம்மா' என்ற ஒரு சொல்தான் அவனுக்குத் தெரிந்த தமிழ். மட்டையின் அடிமுள் குத்தாமல் இருக்க, அதை வெட்டிவிட்டே கொண்டுவருகிறான்.

இனி காசு. வெயில் நன்றாக அடித்தால் ஒரு நாளைக்கு ஆறு கட்டுவார். லோரிக்காரர் ஒருவர் மாதம் இருமுறை வந்து ஒன்றுக்கு மூன்று வெள்ளி வீதம் எடுத்துப்போகிறார். திரும்பும் வழியில் ஒரு சாமான் கடையில் அதே டியூப் கட்டு, அதே கம்பு: எட்டு வெள்ளி. இந்த ஐந்து வெள்ளியில் எண்ணெய்ச் செலவு, கடை வாடகை எல்லாம் இருக்கிறது, தெரியும். ஆனாலும் அந்த விளக்கமாற்றில் லோரிக்காரர் செய்த வேலை என்ன? உரித்தாரா, காயவைத்தாரா? விரலை அறுத்துக்கொண்ட நான்கூட அவரைவிடக் கொஞ்சம் அதிகம் செய்திருக்கிறேன். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியானது. அந்தச் சட்டம் கூலியாளுக்குத்தான். வீட்டு வாசலில் உட்கார்ந்து கட்டுபவருக்கு முதலாளி என்று ஒருவர் இல்லை, ஆகவே சம்பளம் என்றும் ஒன்று இல்லை. வேறு ஆளுக்கு விற்றால் என்ன என்று கேட்டேன். பாட்டி குரலைத் தாழ்த்தினார்: "தீபாவளிக்கு முன்பணம் வாங்கியிருக்கேன் தம்பி." கங்காணி காலத்து முன்பணம்; ஆள்தான் வேறு.

1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். துண்டாடி விற்கப்பட்ட தோட்டங்களை, மாதம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் நம் பாட்டாளிகளே வாங்கினார்கள். தோட்டத்தையே வாங்கிய சனத்தின் பேத்திமார், ஒரு லோரியைத் தாண்டி ஒரு விளக்கமாற்றை விற்க முடியாமல் இருக்கிறார்கள். இதைச் சொல்லிக் கொஞ்சம் உரக்கவே பேசிவிட்டேன். பாட்டி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார்.

தோட்ட நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். பாட்டிக்கு வேண்டியது ஈர்க்கு மட்டும். பச்சையும் தண்டும் உங்கள் மண்ணுக்கே. வெட்டு முடிந்த வரிசையில் வாரத்துக்கு இரண்டு காலை உட்கார்ந்து உரித்துக்கொள்ள அனுமதி கொடுங்கள். உரமும் உங்களிடமே இருக்கும், பையனும் பயந்து பயந்து மட்டை சுமக்கவேண்டாம். கோயில் நிர்வாகங்களுக்கும் ஒன்று. பிராகாரம் பெருக்கப் பிளாஸ்டிக் விளக்கமாறு வாங்குவதை விட்டுவிட்டு, உங்கள் பக்கத்தில் ஈர்க்கு கட்டுகிறவர் யார் என்று விசாரியுங்கள். கடைவிலையைக் கொடுத்து நேரே வாங்குங்கள்.

நான் இரண்டு வாங்கினேன். பாட்டி ஒன்றுக்கு மூன்று வெள்ளிக்கு மேல் வாங்க மறுத்துவிட்டார். லோரிக்காரருக்குத் தெரிந்தால் வருத்தப்படுவாராம்.