நிஜாமின் வைரமும் கருகிய தங்கமும்

முருங்கைக்காய், வாழையிலை, கறிவேப்பிலை, மீன்... ஊர்ச் சமையலுக்கு ஏங்கும் தில்லித் தமிழர்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குத்தான். பேரம் பேசும் இரைச்சலில், அந்த மூன்று எழுத்துகள் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தைக் குறிப்பவை என்று நினைத்துப் பார்ப்பவர்கள் குறைவு.

இங்கிருந்து மெட்ரோ ரயிலில் மூன்றாவது நிலையம் உத்யோக் பவன். அங்கே இறங்கினால், சற்று தூரத்தில் ஜன்பத் சாலையில் தேசிய அருங்காட்சியகம். 2001, 2007, 2019 என மூன்று முறை ஹைதராபாத் நிஜாமின் நகைகள் இங்கே காட்சிக்கு வந்தன. மொத்தம் 173 நகைகள். 1995-ல் மத்திய அரசு சுமார் 218 கோடி ரூபாய்க்கு வாங்கி, மும்பை ரிசர்வ் வங்கிப் பெட்டகத்தில் பூட்டி வைத்தவை. கடைசி நிஜாம் மேஜைமேல் காகிதங்கள் பறக்காமலிருக்க வைத்துக்கொண்டதாகச் சொல்லப்படும் ஜேக்கப் வைரமும் இதில் உண்டு. எடை: 184.75 காரட்.

அரசர்களின் புதையலுக்கு எங்கும் மவுசுதான். எகிப்து மன்னர் துத்தன்காமனின் பொக்கிஷங்கள் 1972-ல் லண்டனுக்குப் போனபோது, கியூவில் நின்று பார்த்தவர்கள் 16 லட்சத்துக்கும் மேல்.

ஆனால் தில்லி அருங்காட்சியகத்துக்கு இன்னொரு புதையலும் வந்தது. அதற்குச் சொந்தக்காரர் எந்த மன்னரும் அல்ல.

1943-ல் சிங்கப்பூர் வந்த சுபாஷ் சந்திர போஸ், விடுதலைப் படைக்கு நிதி கேட்டார். மலேயாவின் ரப்பர் தோட்டத் தமிழர்களும் பர்மா வாழ் இந்தியர்களும் அள்ளிக் கொடுத்தார்கள். பெண்கள் பொதுக்கூட்டங்களிலேயே வளையல்களையும் தோடுகளையும் கழற்றிக் கொடுத்தார்கள். 1945 ஆகஸ்ட் 18-ல் தைஹோகு விமான விபத்தில் போஸுடன் சென்ற நகைப் பெட்டிகளும் எரிந்தன. சாம்பலில் பொறுக்கியெடுத்தவை டோக்கியோவுக்குப் போய், 1952-ல் தில்லி வந்து, பிறகு அருங்காட்சியகத்திடம் ஒப்படைக்கப்பட்டன. 1978-ல் முத்திரையை உடைத்துப் பார்த்தபோது இருந்தது, உருகிக் கருகிய சுமார் 11 கிலோ நகைகள்.

நிஜாமின் ஒவ்வொரு கல்லுக்கும் கணக்கு உண்டு. காரட் உண்டு, விலை உண்டு. கருகிய அந்தக் குவியலில் எது எந்தத் தோட்டத் தொழிலாளியின் மனைவி கழற்றித் தந்த தோடு என்று இனி யாராலும் சொல்ல முடியாது. நிஜாமின் நகைகளுக்குச் செய்ததுபோல இதையும் ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினால், முதலில் வர வேண்டிய ஊர்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. மலேயாவுக்கும் பர்மாவுக்கும் ஆட்கள் கப்பலேறிப் போன ஊர்கள் அவை.