அத்தானின் ஆப்ரகடாப்ரா!

சிகாகோ போய்விட்டு வந்தேன் என்று சொன்னால் நம்மவர்கள் உடனே இரண்டு கேள்வி கேட்கிறார்கள். ஒன்று, 1893-ல் விவேகானந்தர் பேசிய இடத்தைப் பார்த்தாயா? இரண்டு, அந்த 110 மாடிக் கட்டடத்தில் ஏறினாயா?

பார்த்தேன் சார். அது இப்போது ஆர்ட் இன்ஸ்டிட்யூட் என்கிற மியூசியம். ஏறவும் ஏறினேன். சியர்ஸ் டவராக இருந்து 2009-ல் வில்லிஸ் டவர் என்று பெயர் மாற்றிக்கொண்ட கட்டடம். 103-வது மாடியில் சுவருக்கு வெளியே நீட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று கீழே பார்த்தேன். குலதெய்வத்துக்கு ஏதோ வேண்டிக்கொண்டேன். என்ன வேண்டினேன் என்பது லிஃப்டில் இறங்கும்போதே மறந்துவிட்டது.

இந்த இரண்டுக்கும் சேர்த்து ஒரு நாள் ஆனது. மூன்று வார லீவில் மிச்ச நாளெல்லாம் நான் கழித்தது பூமிக்கு எட்டு அடி கீழே, அக்கா வீட்டு பேஸ்மென்ட்டில்.

அக்கா இருப்பது அரோரா. சிகாகோவிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் மேற்கே. பாலாஜி கோயில் இருக்கிறது, புளியோதரை கிடைக்கிறது. அந்தப் பக்கம் குளிரில் மண்ணே உறைந்துபோகும் என்பதால் அஸ்திவாரத்தை ஆழமாகத் தோண்டுகிறார்கள். தோண்டினது தோண்டியாச்சு என்று அதையே ஓர் அறையாக்கிவிடுகிறார்கள். அக்காவின் பேஸ்மென்ட்டில் ஹீட்டர், வாஷிங் மெஷின், கொலுப் படி, வருடக்கணக்கில் பிரிக்காத அட்டைப் பெட்டிகள் இருந்தன. நடுவில், நான்கு காலில் நின்றுகொண்டு, நூறு கிலோவுக்கு மேல் கனத்தில் ஒரு பின்பால் மெஷின்!

பின்பால் என்றதும் சிலருக்குக் கை துறுதுறுத்திருக்கும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் ஆபீஸில் வேலை பார்த்தவராக இருப்பீர்கள். மேனேஜர் தலை மறைந்ததும் ஒரு வெள்ளிக் குண்டை மேலே அடித்துக்கொண்டிருந்தீர்களே, அதேதான். எனக்கு அதற்கும் முந்தைய பழக்கம். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் ஆணி அடித்த பலகை ஒன்று இருந்தது. ஸ்பிரிங்கை இழுத்து விட்டால் குண்டு ஆணிகளுக்கு நடுவே தடுமாறிக்கொண்டு இறங்கும். அதற்கு பகடெல் என்று பெயர். பின்பாலுக்கு அதுதான் பாட்டன்.

பேரன் பிறந்து வளர்ந்தது சிகாகோவில். காட்லீப், பாலி, வில்லியம்ஸ் என்று மூன்று பெரிய கம்பெனிகளும் அந்த ஊர்தான். 1931-ல் காட்லீப் 'பாஃபிள் பால்' என்ற மேஜை மெஷினை விட்டது. நாடே வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த சமயம். ஒரு சில்லறைக் காசுக்குக் கொஞ்ச நேரம் கவலையை மறக்கலாம் என்றால் யார்தான் விடுவார்கள்? 1947-ல் அதே கம்பெனி 'ஹம்ப்டி டம்ப்டி' மெஷினில் ஃபிளிப்பர் வைத்தது. ஃபிளிப்பர் என்றால் பட்டனை அமுக்கினால் குண்டைத் தட்டி மேலே அனுப்பும் கை. அதுவரை குண்டு போன வழிதான் விதி. அன்றிலிருந்து விதியைக் கொஞ்சம் தட்டிப் பார்க்கலாம் என்று ஆனது.

இதைச் சூதாட்டம் என்று நினைத்தவர்களும் உண்டு. 1942-ல் நியூயார்க் மேயர் லா கார்டியா தடை போட்டு மெஷின்களைச் சம்மட்டியால் உடைக்க வைத்தார். 1976-ல் ரோஜர் ஷார்ப் என்பவர் அதிகாரிகள் முன்னால் ஒரு மெஷினில் நின்று, 'குண்டு இந்த வழியாகப் போகும்' என்று சொல்லி அடித்து, அப்படியே போகவும் செய்தது. தடை போயிற்று. வேடிக்கை என்னவென்றால், இதைச் செய்து ஊரெல்லாம் விற்ற சிகாகோவிலேயே எழுபதுகளின் நடுப்பகுதி வரை ஆடத் தடை! பட்டாசு செய்கிற ஊரில் தீபாவளிக்குத் தடை என்கிற மாதிரி.

அத்தானிடம் இருந்தது காட்லீப் 1975-ல் செய்த 'ஆப்ரகடாப்ரா'. நம் ஊர் பாஷையில் 'ஜீபூம்பா'. நானூறு டாலர். உயிர் கிடையாது.

"உயிர் இல்லாததுக்கு எதுக்கு அத்தான் நானூறு டாலர்?" என்றேன்.

"உயிரோட இருந்தா ரெண்டாயிரம் மாப்ளே" என்றார்.

எனக்கு அப்போது விஷயம் தெரியாது. காலை ஒன்பது மணிக்கு அத்தான் இஸ்திரி போட்ட சட்டையும் கீழே சாரமுமாக பேஸ்மென்ட்டுக்கு இறங்குவார். வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை என்று நினைத்தேன். மூன்றாம் நாள் அக்கா தோசைக் கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அவருக்கு வேலை போய் எட்டு மாசமாச்சுடா. வீட்ல யார்கிட்டயும் சொல்லிடாத. மாமாவுக்குத் தெரியாது."

மாமா என்றால் அத்தானின் அப்பா. போஸ்டாபீஸில் ரிடையர் ஆனவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பாளையங்கோட்டையிலிருந்து வீடியோ கால். அந்தச் சட்டை அதற்குத்தான் ஆரம்பித்ததாம். அப்புறம் தினமும் பழகிவிட்டது.

பதினான்கு வருஷ சர்வீஸ். ஒரு நாள் காலை பத்து நிமிஷ மீட்டிங், மத்தியானம் லாகின் வேலை செய்யவில்லை. ஏன் என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. அத்தான் அமெரிக்கக் குடிமகன் ஆகிவிட்டதால் தப்பித்தார். எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் பெரும்பாலும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அன்றைக்கு நானும் கீழே இறங்கினேன். நான் பி.காம்., டெபிட் - கிரெடிட் தவிர வேறு எதையும் கழற்றி மாட்டியவன் இல்லை. ஆட்டப் பலகையை நிமிர்த்தி உள்ளே பார்த்ததும் தலை சுற்றியது. திருமண மண்டபத்து சாம்பார் அண்டாவில் நூடுல்ஸ் கொட்டினது போல ஒயர்.

"இதுல கம்ப்யூட்டர் எங்க இருக்கு?"

"கிடையாது. எல்லாம் ரிலே. கரண்ட் வந்தா காந்தம் இழுக்கும், ஸ்விட்ச் மூடும். இழுத்துச்சா இழுக்கலையா, அவ்வளவுதான். மழுப்பலே கிடையாது."

சுவரில் குத்துகிற 120 வோல்ட்டை ஒரு டிரான்ஸ்ஃபார்மர் குறைத்து, காந்தச் சுருள்களுக்கு இருபத்தைந்து வோல்ட்டுக்குப் பக்கமாகவும் பல்புகளுக்கு ஆறு வோல்ட்டாகவும் கொடுக்கிறது. கரண்ட் எந்த வழியாக எங்கே போகிறது என்பதற்குப் பாய் மாதிரி விரிக்கும் ஒரு வரைபடம். அத்தான் அதைத் தரையில் விரித்து, நாலு மூலையிலும் பருப்பு டப்பா வைத்து, ஜாதகம் பார்ப்பது போல் பார்ப்பார்.

என் முதல் பங்களிப்பாக, அக்காவின் தையல் மெஷின் எண்ணெயை எடுத்துக்கொண்டு போனேன். அத்தான் அலறிவிட்டார். இந்த மெஷினில் பெரும்பாலும் எல்லாமே உலர்ந்துதான் ஓட வேண்டுமாம். எப்போதோ போட்ட கிரீஸ் காய்ந்து அரக்காகி, எண்ணிக்கை காட்டும் சக்கரங்களைப் பிடித்துக்கொண்டதுதான் பாதி வியாதி. ஸ்பிரிட்டில் துணியை நனைத்துத் துடைப்பதுதான் வைத்தியம். நான்கு நாள் துடைத்தேன். என் கம்பெனியில் இத்தனை சிரத்தையாக ஒரு லெட்ஜரைக்கூடப் பார்த்ததில்லை.

மீதி வியாதி ஸ்விட்ச்சில். இரண்டு மெல்லிய தகடு, நுனியில் சின்ன வெள்ளிப் பொட்டு. பொட்டில் கரி பிடித்தால் தொட்டும் தொடாத மாதிரி. ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, மெல்லிய அரத்தால் இரண்டே இழுப்பு. அப்புறம் ஸ்பிரிட் தடவிய கெட்டி அட்டையை நடுவில் விட்டு இழுத்தால் மிச்சக் கரியும் வந்துவிடும். விசிட்டிங் கார்டுதான் இதற்கு ரொம்பப் பொருத்தம் என்பது இந்தத் தொழில்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

அத்தானிடம் ஒரு முழுப் பெட்டி இருந்தது. ஐந்நூறு கார்டு. அவர் பெயர், பதவி, கீழே கம்பெனி. வேலை போவதற்கு ஒரு மாதம் முன்புதான் புதிதாக அடித்துக் கொடுத்தார்களாம்.

ஒரு கார்டை எடுத்தார், நனைத்தார், விட்டார், இழுத்தார். பதவியின் மேல் கறுப்புக் கோடு. அடுத்த கார்டு. நான் ஏதாவது ஜோக் அடிக்கலாமா என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

ஃபிளிப்பர் சுருள் ஒன்று கருகியிருந்தது. புதியது மாட்டும்போது அத்தான் பாடம் நடத்தினார். சுருளுக்குள் இரண்டு சுற்று. பட்டனை அமுக்கியதும் ஒன்று முழு பலத்தோடு கையைத் தூக்கும். கை மேலே போனதும் ஒரு குட்டி ஸ்விட்ச் திறந்து, மெல்லிய கம்பியால் சுற்றிய இன்னொன்றையும் வழியில் சேர்த்துவிடும். தூக்க பலம் வேண்டும், தாங்கிப் பிடிக்கக் கொஞ்சம் போதும். அந்த ஸ்விட்ச் திறக்காவிட்டால் முழு பலத்தையும் கொடுத்துக்கொண்டே இருந்து புகைந்துபோகும்.

"பதினாலு வருஷம் எனக்கு அந்த ஸ்விட்ச்சே கிடையாது மாப்ளே" என்றார்.

இரண்டாவது வாரக் கடைசி. ரப்பர் வளையங்கள் புதிது. பல்புகள் புதிது. பலகைக்குச் சுமார் மூன்றரை டிகிரி சரிவு வைத்தாயிற்று. அத்தான் கற்பூரம் ஏற்றலாமா என்று யோசித்து, ஸ்பிரிட் வாசனையை நினைத்து விட்டுவிட்டார். சனிக்கிழமை ராத்திரி ப்ளக்கைச் செருகி, ஸ்டார்ட் பட்டனை அமுக்கினார்.

கண்ணாடியில் மந்திரவாதி பளிச்சென்று எரிந்தார். எண் சக்கரங்கள் டக் டக் என்று சுழன்றன. எல்லாம் பூஜ்யத்தில் வந்து நின்றன. ஆனால் உள்ளே மோட்டார் 'கர்ர்ர்ர்' என்று ஓடிக்கொண்டே இருந்தது. குண்டு வரவில்லை. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். அணைத்துவிட்டார்.

ராத்திரி ஒரு மணி வரை வரைபடத்தில் விரல் வைத்துக்கொண்டே போனார். கடைசியில் கண்டுபிடித்தார். புது ஆட்டம் ஆரம்பிக்க எல்லாச் சக்கரமும் பூஜ்யத்துக்கு வர வேண்டும். வந்தால் மட்டும் போதாது. 'நான் வந்துவிட்டேன்' என்று ஒவ்வொன்றும் ஒரு ஸ்விட்ச் மூலம் சொல்ல வேண்டும். நூறாம் இடத்துச் சக்கரத்தில் அந்த ஸ்விட்ச்சை நாங்கள் துடைக்காமல் விட்டிருந்தோம்.

"பூஜ்யத்துலதான் நிக்குது மாப்ளே. நான் பூஜ்யம்னு ஒத்துக்க மாட்டேங்குது. அதான் அடுத்த ஆட்டம் வரல."

சொல்லிவிட்டு, கையிலிருந்த விசிட்டிங் கார்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஹீட்டரைப் பார்த்தேன். அது நல்ல ஹீட்டர்.

அப்புறம் கார்டை நனைத்து, விட்டு, இழுத்தார். மறுபடி ஸ்டார்ட் பட்டனை அமுக்கினார். டக் டக் டக்... மோட்டார் நின்றது. 80 கிராம் எஃகுக் குண்டு உருண்டு வந்து ஸ்பிரிங் முன்னால் நின்றது.

முதல் ஆட்டத்தை அக்காவை ஆடச் சொன்னோம். எட்டு மாசமாக அந்த மெஷினை 'சனியன்' என்று மட்டுமே குறிப்பிட்டு வந்தவள். இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு ஆடினாள். கோபத்தில் ஒரு குலுக்கு குலுக்கினாள், உள்ளே தொங்கும் தூக்குக்குண்டு வளையத்தில் பட்டு 'டில்ட்' விழுந்தது. அடுத்த ஆட்டத்தில் மெஷினுக்குள் சுத்தியல் அடித்த மாதிரி 'டொக்!' ஓர் ஆட்டம் இலவசம் என்று அர்த்தம். அந்தச் சத்தத்தில் மூன்று பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கத்தினோம்.

மறுநாள் ஞாயிறு. வீடியோ கால் வந்தது. அத்தான் பனியனோடு உட்கார்ந்தார்.

"அப்பா, எனக்கு வேலை போயிட்டு. எட்டு மாசமாச்சு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நெட்வொர்க் போய்விட்டதோ என்று அக்கா போனைத் தட்டினாள்.

"தெரியும்டே" என்றார் மாமா. "ஞாயித்துக்கிழமை எவன்டே வீட்ல இஸ்திரி சட்டை போட்டுட்டு உக்காந்திருப்பான்? நீயா சொல்லுவேன்னு இருந்தேன். சாப்பிட்டியா?"

அத்தான் பதில் சொல்லவில்லை. போனை அக்காவிடம் கொடுத்துவிட்டுக் கீழே போய்விட்டார். மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

ஊருக்கு வந்தபின் நடந்தது: மெஷினை ஒருவர் 1,650 டாலருக்கு எடுத்துக்கொண்டு போனார். நான் இங்கிருந்தே கணக்குப் போட்டேன். வாங்கினது 400, சாமான் 265, வண்டி வாடகை 60. ஆக 725. லாபம் 925. 'கூலி போடலையே?' என்று கேட்டு அனுப்பினேன். 'வாங்கியாச்சு' என்று பதில் வந்தது. ஜனவரியில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை கிடைத்தது. சம்பளம் முன்னைவிடக் குறைச்சல். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போனை எடுப்பதில்லையாம்.

போன வாரம் பாளையங்கோட்டைக் கடைத்தெருவில் மாமாவைப் பார்த்தேன். நலம் விசாரித்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"ஏடே, அடுத்த மெஷின் வாங்கிட்டானாமே? அதுல சக்கரமெல்லாம் ஒழுங்கா பூஜ்யத்துக்கு வருதா?"