கப்பல் கடனும் கதைக் கொக்கியும்

காமர்ஸ் பாடத்துக்கும் விண்வெளிக் கப்பலுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது மக்களே... மாதத் தவணை!

ரோல்பிளேயிங் கேம் என்றாலே பலருக்கு டிராகனும் வாளும்தான் ஞாபகம் வரும். அதே மாதிரி மேசையைச் சுற்றி உட்கார்ந்து, காகிதமும் பகடையும் வைத்து ஆடும் அறிவியல் புனைவு ஆட்டம் ஒன்று உண்டு. 1977-இல் மார்க் மில்லர் உருவாக்கிய டிராவலர். ஒருவர் நடுவர். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். பிரபஞ்சமே திறந்து கிடக்கும், எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

சிக்கலும் அங்கேதான். எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்றால், ஏன் போக வேண்டும்? நடுவர் பாவம், ராத்திரி கண்முழித்துப் பத்து கிரகங்களைத் தயார் செய்திருப்பார். ஆட்டக்காரர்களோ முதல் கிரகத்து மதுக்கடையை விட்டு நகர மாட்டார்கள். நாலு வாரம் இப்படிப் போனால் ஒருவருக்குப் பரீட்சை வரும், இன்னொருவருக்கு ஊரில் கல்யாணம் வரும். ஆட்டம் அவ்வளவுதான். சண்டை போட்டுக் கலையும் குழுக்கள் மட்டுமல்ல, அடுத்து என்ன என்று தெரியாமல் கலையும் குழுக்களும் உண்டு.

டிராவலர் இதற்கு வைத்த மருந்து கடன். பழைய விதிப்படி ஒரு சின்ன வணிகக் கப்பலின் விலை 3 கோடியே 70 லட்சத்து 80 ஆயிரம் கிரெடிட். மாதாமாதம் விலையில் 240-இல் ஒரு பங்கு, அதாவது 1,54,500 கிரெடிட், 40 வருடம் கட்ட வேண்டும். கப்பலில் 82 டன் சரக்கு ஏறும். டன்னுக்கு வாடகை 1,000. தாவலுக்கு ஒரு வாரம், துறைமுகத்தில் ஒரு வாரம் என்று மாதம் இரண்டு நடை போனால் வரவு 1,64,000. மிச்சம் 9,500! சம்பளம், எரிபொருள், பராமரிப்பு எல்லாம் இதற்குள். பயணிகளை ஏற்றினால் கொஞ்சம் மூச்சு விடலாம். ஒரு நடை கப்பல் பாதி காலியாகப் போனாலோ துண்டுதான்.

இந்த நேரத்தில் துறைமுகத்தில் ஒருவர் வந்து, "பெட்டியைத் திறக்கக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது, இரட்டை வாடகை" என்கிறார். யார் மாட்டேன் என்பார்கள்? கொக்கியில் புழுவை மாட்டும் வேலைகூட நடுவருக்கு இல்லை.

இனி இடங்களை இணைப்பது. இந்தக் கப்பல் ஒரு தாவலில் ஒரு பார்செக்தான் போகும். அதனால் வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் இருக்கும் கிரகங்களே அதன் பாதை. இன்னொரு அழகான விதி, ஒளியை மிஞ்சும் தந்தி, தொலைபேசி எதுவும் கிடையாது. செய்தியும் கப்பலில்தான் போக வேண்டும். ஆக ஒரு கிரகத்தில் செய்த தப்பு, அடுத்த கப்பல் ஏறித் துரத்தி வரும். முந்திப் போனால் தப்பிக்கலாம். போன கிரகமும் வரும் கிரகமும் தானாகவே கதையில் முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன.

அந்தப் பெட்டிக்கே திரும்புவோம். கொண்டுபோய்ச் சேர்த்தால், வாங்க வேண்டியவர் செத்துக் கிடக்கிறார். பெட்டியில் மூன்றாவது கிரகத்துக் கிடங்கின் முத்திரை. அவருடைய கணக்குப் புத்தகத்தில் அதே கிடங்குக்கு மாதாமாதம் பணம் போயிருக்கிறது. சுமை தூக்குபவருக்கும் அந்த முத்திரை அடையாளம் தெரியும். எதற்கு மூன்று? ஆட்டக்காரர்கள் ஒன்றைப் பார்க்க மாட்டார்கள், இன்னொன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள். மூன்றாவதாவது கை கொடுக்கும். ஜஸ்டின் அலெக்ஸாண்டர் 2008-இல் எழுதிய மூன்று துப்பு விதியும் இதைத்தான் சொல்கிறது.

அதற்காகக் கையைப் பிடித்து இழுத்துப் போகவும் கூடாது. பெட்டியைக் கடலில் எறிந்துவிட்டு வேறு பக்கம் போனால் போகட்டும். தவணைத் தேதி அங்கேயும் வரும். பெட்டிக்காரரின் ஆட்களும் வருவார்கள், ஒரு வாரம் தாமதமாக :-)

நடுவர் கதையின் முடிவை எழுத வேண்டியதில்லை. யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று எழுதி வைத்தால் போதும். அடுத்த வாரமும் நாற்காலிகள் நிரம்பும்.