டேப்பில் தொடங்கும் கிலோமீட்டர்

நாமக்கல்லில் டயர் ரீட்ரேடிங் பட்டறைக்கு வழி கேட்க வேண்டியதில்லை. உரசிய ரப்பரின் வாசம் சாலைக்கே வந்து கூட்டிப்போகும். லாரி பாடி கட்டுவதற்கும் எரிவாயு டேங்கர்களுக்கும் பேர்போன ஊர்; அத்தனை வண்டிகளும் தேய்த்துத் தள்ளுகிற டயர்கள் எங்கேதான் போகும்? பரமத்தி சாலைப் பக்கம் நான் போன பட்டறையின் வாசலில் ஆளுயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன.

டயர் அளவு மாறினால் வேகமும், ஓடிய தூரமும், மைலேஜும் மீட்டரில் மாறிவிடும் என்பது காகிதத்தில் எளிய கணக்கு. அது யார் கையில் மாறுகிறது என்று பார்க்கத்தான் போனேன்.

பழைய டயருக்கு இங்கே கேசிங் என்று பேர். முதலில் அதை ஒரு இயந்திரத்தில் மாட்டி, வாயைப் பிளந்து, உள்ளே விளக்கு காட்டிப் பார்க்கிறார்கள். கண்ணுக்குத் தப்பிய ஆணியைக் கை கண்டுபிடிக்கிறது. மேஸ்திரி உட்புறம் முழுக்க உள்ளங்கையால் தடவிக்கொண்டே வந்தார். உள்ளே கம்பி அறுந்திருந்தால் டயர் அத்தோடு ஓரங்கட்டப்படும். தேறியது பஃபிங்குக்குப் போகும். காற்றடைத்துச் சுழலும் டயரின் மேல் பல்வைத்த சக்கரம் உரச, மிச்சமிருந்த பட்டன், அதாவது தரையில் படும் ரப்பர், எல்லாம் கருந்தூளாகப் பறக்கிறது. அங்கே நிற்கிறவர் முகத்தில் சுற்றியிருந்தது ஒரு துண்டு மட்டுமே. ராத்திரி குளித்தாலும் காதுக்குள் இருக்கிற கறுப்பு போகாது என்றார். முதலாளி நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுத்தால் எந்தச் சொத்தும் கரைந்துவிடாது.

உரசி முடிந்ததும் மேஸ்திரி இரும்பு டேப்பை எடுத்தார். டயரைச் சுற்றி இழுத்துப் பிடித்து, மில்லிமீட்டரில் படித்து, சாக்கட்டியால் அதன் பக்கச் சுவரிலேயே எழுதினார். 3,200-ஐ ஒட்டிய எண்கள். அந்த நீளத்துக்குத்தான் புது டிரெட் பட்டையை வெட்டுகிறார்கள். சொல்யூஷன் தடவி, இடையில் மெல்லிய ஒட்டு ரப்பர் வைத்து, பட்டையைச் சுற்றி உருளையால் அழுத்தி, உறை மாட்டி, 100 டிகிரியை ஒட்டிய சூட்டில் சில மணி நேரம் சேம்பருக்குள் வேகவைக்கிறார்கள்.

சாக்கட்டி எண்ணுக்கு இன்னொரு வேலையும் உண்டு. லாரியின் பின்னால் டயர்கள் இரண்டிரண்டாக ஓடும். "ஜோடி ஒத்து வரலைன்னா பெரிய டயரு எல்லாச் சுமையும் தாங்கிக்குமுங்க. சின்னது சும்மா இழுபட்டே தேஞ்சு போயிரும்" என்றார். அதனால் எண் பார்த்து ஜோடி சேர்க்கிறார்.

"இந்த எண்ணுதானே வண்டி மீட்டரையும் மாத்துது?" என்று கேட்டேன்.

"மீட்டருக்கும் நமக்கும் என்னங்க சம்பந்தம்?"

தன் வண்டி டயருக்காகக் காத்திருந்த ஓட்டுநர் ஒருவர் பக்கத்து ஸ்டூலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் குறுக்கே விழுந்தார். "சம்பந்தம் இருக்குதுங்ணா. பின்னாடி ஆறு மாசம் மொட்டையா ஓட்டுன வரைக்கும் மைலேஜ் நல்லா வந்துச்சு. புது பட்டன் ஒட்டிப் போட்ட மொதல் டிரிப்புலயே விழுந்துருச்சு. டீசலை எந்த ஊர்ல வித்தேன்னு கேக்குறாரு மொதலாளி."

லாரியில் கியர்பாக்ஸின் பின்பக்கம் இருக்கிற சென்சார், பின் சக்கரங்களைச் சுழற்றும் தண்டு எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணுகிறது. ஒரு சுற்றுக்கு இத்தனை தூரம் என்று தொழிற்சாலையில் எழுதிவைத்த எண்ணால் மீட்டர் அதைப் பெருக்குகிறது. சாலையை அது பார்ப்பதே இல்லை. 10.00ஆர்20 டயர் புதிதாக இருக்கும்போது சுமார் 1,050 மில்லிமீட்டர் விட்டம். சக்கரத்தின் ஒரு சுற்று 3.3 மீட்டரை நெருங்கும். பட்டன் 14 மில்லிமீட்டர் தேய்ந்தால் விட்டத்தில் 28 போகும், சுற்றளவில் 88. அதாவது 2.7 சதவீதம். ரேடியல் டயரின் உள்ளே இருக்கிற எஃகுப் பட்டை தன் நீளத்தை அவ்வளவாக மாற்றிக்கொள்ளாது என்பதால், சாலையில் வித்தியாசம் இதைவிடக் கொஞ்சம் குறையும். 2 என்றே வைத்துக்கொள்வோம்.

தேய்ந்த டயர் அதே தூரத்துக்கு அதிகச் சுற்று சுற்றும். நிஜமான 1,000 கிலோமீட்டரை மீட்டர் 1,020 என்று காட்டும். குடித்தது 250 லிட்டர் என்றால் மைலேஜ் 4.08. புது பட்டனோடு அதே சாலையில் அதே 250 லிட்டர் குடித்தாலும் மீட்டர் 1,000 என்றுதான் சொல்லும், மைலேஜ் 4. போக வர 4,000 கிலோமீட்டர் ஓடினால் செலவு 1,000 லிட்டர். 4.08-ஐ மனதில் வைத்திருக்கும் உரிமையாளர் 980 என்று எதிர்பார்ப்பார். 20 லிட்டர் எங்கே?

இதோடு முடிவதுமில்லை. ஆழமான புது ரப்பர் உருளும்போது அதிகம் நசுங்கி விரிகிறது. தேய்ந்த டயரைவிட அது நிஜமாகவே கூடுதல் டீசல் குடிக்கும். ஆகப் பாதி மீட்டரின் மாயம், பாதி உண்மைச் செலவு. இரண்டும் ஓட்டுநர் தலையில் விடிகிறது. முன் சக்கரத்துக்குப் புது டயர், பின்னுக்கு ரீட்ரேட் என்பது இங்கே வழக்கம். மீட்டர் எண்ணுவதும் பின் சக்கரத்தைத்தான். அப்படியென்றால் மைலேஜ் புத்தகத்தின் முதல் வரியை எழுதுகிறவர் இந்த டேப்காரர். அவருக்கே அது தெரியவில்லை.

வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் இதே கதைதான். 2015 அக்டோபர் 1 முதல் தயாரான சரக்கு வண்டிகள் 80-ஐத் தாண்டாதபடி பூட்டப்படுகின்றன. பூட்டு நம்புவதும் சக்கரச் சுற்றைத்தான். மொட்டை டயரில் நிஜமான 78-லேயே அது பிடித்துக்கொள்ளும். புது டயர் போட்டால் வண்டி நன்றாக ஓடுகிறது என்று ஓட்டுநர்கள் சொல்வதில் இதுவும் கொஞ்சம் சேர்த்தி.

மேஸ்திரி கைகாட்டிவிட்ட மீட்டர் ரிப்பேர்க் கடை பேருந்து நிலையத்துக்குப் பின்னால், பெட்டிக்கடை அளவே இருந்தது. இப்போது வருவதெல்லாம் எலக்ட்ரானிக் மீட்டர். பெரியவருக்கு வேலை குறைந்துவிட்டது. பழைய கேபிள் மீட்டர் ஒன்றைப் பிரித்துக் காட்டினார். கேபிள் சுழற்றுவது ஒரு காந்தம். அதைத் தொடாமல் மூடி நிற்கிறது அலுமினியக் கிண்ணம். காந்தம் சுழலச் சுழலக் கிண்ணமும் கூடத் திரும்பப் பார்க்கும். மயிரிழை ஸ்பிரிங் பிடித்து இழுக்கும். அந்த இழுபறியில் முள் நிற்கும். ஓட்டோ ஷூல்ட்சே 1902-இல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு இது. கிலோமீட்டர் எண்களோ வெறும் பல்சக்கரம். "முள்ளு தப்பா காட்டுனா ஸ்பிரிங்கைத் தொட்டுச் சரி பண்ணிருவேன் தம்பி. கிலோமீட்டரு தப்புன்னா பல்லுதான் மாத்தணும்" என்றார்.

கார்க்காரர்கள் கவனிக்காமல் விடுவது இந்த வித்தியாசத்தைத்தான். வேகமானி நிஜ வேகத்துக்குக் குறைவாகக் காட்டவே கூடாது என்பது ஐ.நா.வின் 39-ஆம் வாகன ஒழுங்குமுறை. நிஜமான 80-க்கு 92 வரை காட்டலாம், 79 கூடாது. அதனால் தயாரிப்பாளர்கள் முள்ளைக் கொஞ்சம் கூட்டியே வைக்கிறார்கள். தூர எண்ணை அப்படிக் கூட்டுவதில்லை. ஸ்விஃப்டின் 165/80ஆர்14 டயரைக் கழற்றிவிட்டு 195/65ஆர்15 போடும் இளைஞர், செல்போன் ஜிபிஎஸ்ஸும் முள்ளும் ஒத்துப்போவதைப் பார்த்துப் பூரித்துப்போகிறார். அதே நேரம் தூரம் பின்தங்க ஆரம்பித்திருக்கும். 195-இல் 65 சதவீதம் 126.75, அதை இருமடங்காக்கி, 15 அங்குல ரிம்மின் 381-ஐக் கூட்டினால் விட்டம் 634.5. பழையது 619.6. வித்தியாசம் 2.4 சதவீதம். மீட்டரில் 10,000 காட்டும்போது வண்டி ஓடியது 10,240. லிட்டருக்கு நிஜமாக 20 கொடுத்தாலும் திரையில் 19.5. அகல டயர் மைலேஜைத் தின்றுவிட்டது என்று புலம்புகிறவர்கள் இந்த அரையை முதலில் கழித்துக்கொள்ள வேண்டும். அதே ஸ்விஃப்டின் மேல்தர மாடலுக்குக் கம்பெனி கொடுக்கும் 185/65ஆர்15 விட்டத்தில் 2 மில்லிமீட்டர்கூட மாறாது.

திரும்பப் பட்டறைக்கு வந்தபோது அந்த ஓட்டுநரின் முதலாளியும் வந்திருந்தார். கணக்கைத் துண்டுச் சீட்டில் போட்டுக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். டயர் மாற்றிய தேதியை மைலேஜ் நோட்டில் எழுதிவைப்பதாக ஒப்புக்கொண்டார். ஜிபிஎஸ் தூரத்தை வைத்து ஒரு டிரிப் பார்த்துவிடலாம் என்றார். பிறகு சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே கேட்டார்:

"எல்லாஞ் செரிங்க. நீங்க சொல்றது இருபது லிட்டரு. இவன் கணக்குல குறையிறது நாப்பத்தஞ்சுங்க. மீதிக்கு யாரைக் கேக்கட்டும்?"

"புது ரப்பரு கொஞ்சம் குடிக்குமுன்னு இவரே சொல்றாரல்லங்க" என்றார் ஓட்டுநர்.

"அது இருபத்தஞ்சு லிட்டரு குடிக்குமாடா?"

மேஸ்திரி யார் பக்கமும் சேராமல் அடுத்த கேசிங்கை டேப்பால் சுற்றினார்.