பஸ் ட்ரைவரும் ஒரு மன்னிப்பும்

போன கிழமை பாடசாலைக் கண்காட்சியில் எங்கள் தரம் 10 பிள்ளை ஒருவர் வைத்த 'மட்டம் பார்க்கும் கருவி'யைப் பலர் பாராட்டினீர்கள். அதற்குப் பின்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறோம்.

பிள்ளையின் வாப்பா மேசன். சுவர் எந்தப் பக்கம் சரிகிறது என்று காட்டும் கருவி செய்ய அவருக்கு ஆசை. எம்.பி.யூ 6050 என்ற சிறிய சென்சரை ஆர்டுயினோ ஊனோ போர்டில் பொருத்தி, நாங்கள் இரண்டு ஆசிரியர்களும் மூன்று வருடத்துக்கு முன் எழுதி வைத்த கோடைக் கொடுத்தோம். அழகாக வேலை செய்தது. இடப்பக்கம் சரித்தால் மைனஸ், வலப்பக்கம் சரித்தால் பிளஸ்.

பிறகு, ஃபோனிலும் பார்க்கலாமே என்று வைஃபை உள்ள ஈ.எஸ்.பி 32 போர்டுக்கு மாற்றினோம். அங்கேதான் குழப்பம். வலப்பக்கம் சரி. இடப்பக்கம் துளி சரித்தாலும் 65,000 என்று காட்டுகிறது!

"வயரைப் பிழையாக் குடுத்திருப்பீங்க மகள், திரும்பப் பாருங்க" என்றோம். மூன்று தரம் கழற்றிப் பூட்டினார். மூன்றாம் தரம், "எனக்கு ஏலா டீச்சர், வேற ஆள் செய்யட்டும்" என்று போர்டை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பிள்ளை பிழைவிட்டால் முதலில் கற்பித்த முறையைப் பார் என்று கலாசாலையில் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் நாங்கள். அன்றைக்கு ஒரு வரியும் நினைவுக்கு வரவில்லை.

இரவு இருந்து பார்த்ததில் வயரில் ஒரு பிழையும் இல்லை. பிழை எங்கள் கோடில்.

சென்சரும் போர்டும் பேசும் பாதைக்குப் பெயர் பஸ். அந்தப் பாதையால் தகவலை எடுத்து வரும் கோடுக்குப் பெயர் ட்ரைவர். (கல்முனை பஸ்ஸோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஊனோவின் புரொசெசர் 8 பிட், ஈ.எஸ்.பி 32 உடையது 32 பிட். உள்ளே இரண்டும் பஸ்ஸை ஓட்டும் விதம் வேறு. ஆனால் 'வயர்' என்ற லைப்ரரி அந்த வித்தியாசத்தை மறைத்து, இரண்டிலும் ஒரே கட்டளைகளைத் தருகிறது. சென்சரின் விலாசமும் மாறாது. அதனால்தான் ஒரே கோடு இரண்டிலும் ஓடுகிறது.

1990களில் நெட்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தை எழுதியவர்களும் இதைத்தான் செய்தார்கள். இன்டெல் புரொசெசரில் போர்ட்களோடு பேசத் தனிக் கட்டளைகள் உண்டு, ஆல்ஃபா புரொசெசரில் இல்லை. ட்ரைவர் நேரே வன்பொருளைத் தொடாமல் 'பஸ் ஸ்பேஸ்' என்ற இடைப்படையிடம் கேட்கும்படி வைத்தார்கள். ஒரு கார்டுக்கு எழுதிய ட்ரைவர் இரண்டு இயந்திரத்துக்கும் பொதுவானது.

நாங்கள் சறுக்கியது வேறு இடத்தில். சென்சர் அனுப்புவது 16 பிட் எண். அதை வாங்கி வைக்க நாங்கள் எழுதியது வெறும் 'இன்ட்'. ஊனோவில் இன்ட் 16 பிட், அளவு பொருந்தியது. ஈ.எஸ்.பி 32இல் அது 32 பிட். மைனஸ் அடையாளமாக நின்ற முதல் பிட், பெரிய பெட்டிக்குள் சாதாரண இலக்கமாகிவிட்டது. மைனஸ் 200 வரவேண்டிய இடத்தில் 65,336. புரொசெசர் எதுவானாலும் 16 பிட்டாகவே இருக்கும் 'இன்ட்16_டி' என்று அந்த ஒரு சொல்லை மாற்றினோம். முடிந்தது.

அடுத்த நாள் காலை வகுப்பில் எல்லோர் முன்னாலும் அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டோம். "நான் சொன்னேன்தானே டீச்சர்" என்றார். சொன்னார்தான். பிறகு போர்டை எடுத்துக்கொண்டு நேரே கரும்பலகையில் வைத்துப் பார்த்தார். இடப்பக்கம் சரிந்திருந்தது.

திருத்திய கோடைக் கழகத்தின் குழுவில் போட்டிருக்கிறோம். பழையதை வைத்திருக்கும் பிள்ளைகள் தயவுசெய்து அழித்துவிடுங்கள். யாருடைய வீட்டிலாவது பாவிக்காத ஈ.எஸ்.பி 32 போர்ட் கிடந்தால் சொல்லுங்கள், இன்னும் நான்கு பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.