வெயிலில் வரும் பழுது

கடந்த ஐந்து மாதங்களாக என்னை வாட்டிய கவலை இலக்கியம் பற்றியதன்று; ஒரு பழைய ஜப்பானியக் காரின் குளிரூட்டியைப் பற்றியது. தோட்டத்துப் பள்ளி ஆசிரியனுக்குக் குளிரூட்டி ஒரு கேடா என்று வாசகர் முகஞ்சுளிக்கலாம். சுளிக்குமுன் என் தந்தையாரைப் பார்த்துவிட வேண்டும். முப்பத்தைந்து ஆண்டுகள் இறப்பர் மரத்தில் பால் வெட்டியவர்; இப்போது நெஞ்சில் இளைப்பு. காவத்தையிலிருந்து இரத்தினபுரிக் கிளினிக்குக்குப் போகும் வழியில் லொறிப் புகையும் புழுதியும் உள்ளே வந்தால் அவருக்கு மூச்சு முட்டும். கண்ணாடியை ஏற்றிவிட்டால் வெக்கை முட்டும்.

காலையில் புறப்படும்போது குளிர் நன்றாகவே வரும். பெல்மதுளை தாண்டுவதற்குள் வெறும் காற்றாகிவிடும். கார் சில மணிநேரம் நிழலில் நின்றால், திரும்பும்போது மீண்டும் குளிரும்.

ஒரு பெரிய கராஜில் காட்டினேன். எஞ்சின் ஆறியிருந்த காலை வேளையில் பார்த்து, காஸ் குறைவு என்று நிரப்பினார்கள். பயனில்லை. இரண்டாம் முறையும் நிரப்பினார்கள். (ஓசோன் படலத்தைக் கெடுத்த பழைய காஸ், 1987ஆம் ஆண்டு மொன்றியல் உடன்படிக்கையால் ஒழிந்தது, இப்போதைய 134ஏ ஓசோனைக் கெடுக்காதெனினும், கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் உலகைச் சூடாக்கும். அதைக் காற்றில் திறந்துவிட்டுப் புதிதாக நிரப்பியதைக் கண்ணால் கண்டேன்.) மூன்றாம் முறை, கொம்பிரசரையே மாற்று என்றார்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025இல்தான் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய உதிரிப்பாகங்களெல்லாம் பொன் விலைக்கு ஏறியிருந்தன. எனக்குச் சொன்ன விலையோ ஒரு மாதச் சம்பளத்தை விழுங்குவது.

அங்கே கையாளாக நின்ற இளைஞன் மெல்ல அருகே வந்தான். "சேர், ஞாயித்துக்கிழமை லயத்துக்கு வண்டியைக் கொண்டாங்க. நடுப்பகல்ல வாங்க."

பத்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். அவனது தேர்ச்சி அறிக்கையில், "வரவு ஒழுங்கில்லை, அக்கறையில்லை" என்று எழுதியது என் கைதான்.

சுடுவெயிலில் காரை இயங்கவிட்டு, அவன் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்தான். "நல்லா ஓடும்போது பார்த்தா ஒண்ணும் தெரியாது சேர். பழுது வார வரைக்கும் காத்திருக்கணும்."

ஒரு மணிநேரம் காத்திருந்தோம். அப்போதுதான் பேச்சு பழைய நாள்களுக்குப் போயிற்று. "அம்மா பால் வெட்டப் போனா தங்கச்சியைப் பார்க்க ஆள் இல்ல. அதுக்கு வலிப்பு வரும். பிள்ளைக்காம்பராவுல வச்சிக்க மாட்டாங்க. மழை பெஞ்சா வெட்டு இல்ல, அம்மா வீட்ல இருப்பாங்க. அன்னைக்குத்தான் நான் இஸ்கூலுக்கு வருவேன்."

வெட்டில்லாத நாளில் தாய்க்குப் பேர் இல்லை. அன்று மகனுக்கு என் இடாப்பில் பேர் உண்டு. மழை நாளில் நனைந்து வந்தவனை ஓராண்டு முழுவதும் பார்த்தும், அந்த ஒழுங்கு எனக்குப் புலப்படவில்லை. நான் தமிழ்ச் சிறப்புப் பட்டதாரி!

குளிர் நின்றது. அவன் எழுந்தான். காஸின் அழுத்தம் சரி. கம்பியில் பன்னிரண்டு வோல்ற் மின்சாரமும் குறைவின்றி வந்தது. பெல்ட் சுழற்றும் கப்பி சுழன்றது; ஆனால் கொம்பிரசரை அதனோடு பிணைக்கவேண்டிய காந்தக் கிளச்சின் தட்டு அசையாமல் நின்றது. நீண்ட மரக்கோலால் தட்டை மெல்லத் தட்டினான். 'டக்' என்று ஒட்டியது, குளிர் வந்தது.

காரணத்தை விளக்கினான். செம்புச் சுருள் சூடேறினால் அதன் மின்தடை கூடும். எண்பது பாகை ஏறினால் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கூடும். மின்னோட்டம் குறைய, காந்தம் சோர்ந்துபோகும். தட்டு தேய்ந்து, அரை மில்லிமீற்றர் அளவே இருக்கவேண்டிய இடைவெளி இரு மடங்காகியிருந்தது. சோர்ந்த காந்தத்துக்கு அந்தத் தூரம் எட்டவில்லை. எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, தட்டைக் கழற்றி, உள்ளிருந்த மெல்லிய வளையமொன்றை எடுத்துவிட்டு மீண்டும் பூட்டினான். செலவு ஒன்றுமில்லை.

இந்தக் கையறிவு உள்ளவனுக்குச் சாதாரண தரச் சித்தியில்லை. ஆகவே கராஜில் கையாள் கூலி. கற்ற தொழிலைச் சோதித்துத் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் வழங்கும் வழி நம் நாட்டில் உண்டு. விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு போனேன். "இதுக்கு எத்தனை நாள் லீவு போடணும் சேர்?" என்பதே அவனது முதற் கேள்வி. விசாரித்துச் சொல்வதாகக் கூறி வந்திருக்கிறேன்.

தந்தையார் இப்போது இரத்தினபுரி வரை கார் குளிரில் தூங்கிக்கொண்டே வருகிறார். நான் பத்தாம் வகுப்பு இடாப்பில், வராதோர் பெயருக்கு எதிரே அன்று மழையா வெயிலா என்று பென்சிலால் குறித்துவருகிறேன். ஒரு மாதமாயிற்று. இரண்டு பெயர்களுக்கு எதிரே வெயில் மட்டுமே இருக்கிறது.