ரெண்டாவது 'எம்'

கோத்தகிரிப் பக்கம் எந்த எஸ்டேட்டுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். மேனேஜர் பங்களா வாசலில் பளபளவென்று ஒரு கார் நிற்கும். மழையில் ரோடு சாம்பார் மாதிரி ஆனதும் அது ஷெட்டுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அப்புறம் எல்லாத்துக்கும் ஜீப்புதான். இலை மூட்டை, ஸ்கூல் பசங்க, பிரசவ கேஸ், சமயத்தில் கல்யாண மாப்பிள்ளை.

அந்த ஜீப்பைச் செய்த கம்பெனியின் முழுப்பெயர் 'மஹிந்திரா அண்ட் மஹிந்திரா'. அண்ணன் தம்பி ரெண்டு பேர், அதனால் ரெண்டு மஹிந்திரா என்றுதான் யாருக்கும் தோன்றும். அண்ணன் தம்பி இருந்தது நிஜம்தான். ஜே.சி. மஹிந்திரா, கே.சி. மஹிந்திரா. ஆனால் ரெண்டாவது 'எம்' தம்பிக்காக வந்ததில்லை சார்!

1945-ல் ஆரம்பித்தபோது போர்டில் இருந்த பெயர் 'மஹிந்திரா அண்ட் முகமது'. கூட்டாளியின் பெயர் மாலிக் குலாம் முகமது. அப்போது காரும் இல்லை, ஜீப்பும் இல்லை, இரும்பு வியாபாரம். ரெண்டே வருஷத்தில் தேசப் பிரிவினை. முகமது பாகிஸ்தான் போய் அந்த நாட்டின் முதல் நிதி மந்திரி ஆனார். 1951-ல் கவர்னர் ஜெனரலே ஆகிவிட்டார். (நமக்கு வாய்க்கிற பார்ட்னர்கள் பிரிந்து போனால், எதிர் வரிசையில் அதே கடையைப் போடுவார்கள். அவ்வளவுதான் அவர்கள் உயரம்.)

1948-ல் பெயரை மாற்றினார்கள். 'எம் அண்ட் எம்' என்று அச்சடித்த லெட்டர் பேப்பர் ஏகத்துக்கும் மிச்சம் இருந்ததாம். அதை வீணாக்க மனசில்லாமல், முகமது எழுந்து போன நாற்காலியில் இன்னொரு மஹிந்திராவை உட்கார வைத்துவிட்டார்கள் என்று சொல்வார்கள். யுத்த காலத்தில் வாஷிங்டனில் இந்திய சப்ளை மிஷனுக்குத் தலைவராக இருந்தவர் தம்பி கே.சி. அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை வரவழைத்து பம்பாயில் பூட்ட ஆரம்பித்ததும் இந்தப் பெயர் மாற்றத்தை ஒட்டித்தான்.

இந்தக் கதை என்னைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம், எங்கள் வீட்டுப் பரணில் இருந்த நாற்பது பில் புக்.

நானும் நண்பனும் ஒரே ஆபீஸில் குமாஸ்தா. ரெண்டு பேர் பெயரும் 'எஸ்'ஸில் ஆரம்பிக்கும். லோன் போட்டு ஒரு செகண்ட் ஹேண்ட் ஜீப் வாங்கி, டிரைவர் வைத்து, குன்னூரில் வாடகைக்கு விட்டோம். 'எஸ் அண்ட் எஸ்'. மூணாம் வருஷம் அவன் அப்பாவுக்குப் பக்கவாதம். வேலையை விட்டுவிட்டு திருப்பூருக்குக் கிளம்பினான்.

"வண்டியை வித்துடலாம்டா. ஆஸ்பத்திரிக்குப் பணம் வேணும்" என்றான்.

விற்கவில்லை. என் மனைவி கழுத்துச் செயினை பேங்கில் வைத்து அவன் பங்கைக் கொடுத்தேன்.

"அதான் அவர் போயாச்சே, பேரை மாத்துங்க. என் பேரைப் போட்டா குறைஞ்சா போயிடும்?" என்றாள் அவள். செயின் கொடுத்தவள் கேட்பதில் நியாயம் இருக்கத்தான் செய்தது. ஆனால் அவள் பெயர் 'வி'யில் ஆரம்பிக்கிறது!

"நாற்பது புக்கும் தீரட்டும்" என்றேன். மஹிந்திரா கதையையும் எடுத்துவிட்டேன்.

"அவங்க கோடீஸ்வரங்க, நீங்க பேப்பரை மிச்சம் புடிக்கிறீங்களாக்கும்?"

பம்பாயிலும் காகிதச் செலவு ஒன்றுதான் காரணமாக இருந்திருக்குமா என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். இதை அவளிடம் சொல்லவில்லை.

நண்பன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணுவான். என்னை விசாரிப்பதற்கு முன்னால், "கிளட்ச் மாத்தினியாடா?" என்பான். அவன் அப்பா இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நாலடி நடக்கிறாராம்.

போன மாசம் கடைசி பில் புக்கும் தீர்ந்தது. பிரஸ்ஸுக்குப் போனேன்.

"என்ன பேர் சார் போடணும்?"

"பழைய பேர்தான். இருபது புக் போதும்."

செயின் இன்னும் பேங்கில்தான் இருக்கிறது. அதைத் திருப்புகிற வரைக்கும் புது பில் புக்கைப் பரண் மேலேயே வைத்திருக்கலாம் என்று இருக்கிறேன்.